இருநூற்றெழுபதாம் கம்பம்

கேப் காட் கால்வாய் ஓரமாய்
விளக்குக் கம்பங்களுக்கு எண் உண்டு.
மீன் பிடிக்கிறவர்கள் அந்த எண்களில்தான்
ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்கிறோம்.
"முந்நூற்றுப் பத்தில் கொட்டுது" என்றால்
அங்கே தண்ணீர் மட்டும் இருக்கும்.
"ஒன்றுமில்லை, கடலே செத்துப்போச்சு" என்றால்
சொன்னவர் பெட்டியின் மூடி இடுக்கில்
ஒரு வால் ஆடும்.

மே மாதம் ஹெர்ரிங் ஏறும்போது
கடன்காரன்போலப் பின்னாலேயே வரும் ஸ்ட்ரைப்பர்.
விலா நெடுக ஏழெட்டுக் கறுப்புக் கோடு,
ஒன்றிரண்டு நடுவில் அறுந்திருக்கும்,
கோடு போட்டவருக்கு யாரோ கூப்பிடு குரல் கேட்டதுபோல.

அது சோம்பேறி.
இதைத் தெரிந்துகொள்ளாமல்
எவ்வளவு விலைத் தூண்டில் வாங்கினாலும் வீண்.
ஓட்டத்தோடு மல்லுக்கட்ட அதற்கு மனமில்லை.
பாறைக்குப் பின்னால், நீர் மடங்கிச் சுழலும் நிழலில்
பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்தவர்போல்
முகத்தை மட்டும் ஓட்டத்துக்குக் காட்டி நிற்கும்.
பரிமாறுவது கடலின் பொறுப்பு.

ஆகவே பாறையின் தலையில் எறியாதே.
மேலோட்டத்தில் எறி,
தரையைத் தடவித் தடவி வரட்டும்.
இழுக்காதே.
தெம்பாய் ஓடுவதைத் துரத்த அதற்குச் சலிப்பு;
நொண்டுவது, தள்ளாடுவது, வழி தவறியது,
அவைதான் அதன் வாய்க்கு ருசி.
இரவென்றால் உயிர் விலாங்கு, வட்ட முள்.
தட்டியதும் கையை வெட்டி இழுக்காமல்
மூன்று எண்ணு.
எனக்கு இரண்டுக்கு மேல் எண்ண வந்ததில்லை.

வெயில் ஆகாது அதற்கு. ஜூலைச் சூட்டில்
ஆழத்துக்கு இறங்கிவிடும்.
நண்டு தின்று வயிறு முட்டிய நாளில்
நீ எதைக் காட்டினாலும்
மூக்கால் ஒதுக்கிவிட்டுப் போகும்.
ஓட்டம் திரும்புமுன் சில நிமிடம்
கால்வாய் அசையாமல் நிற்கும்.
அப்போது தும்முகிறவரை
யாரும் லேசில் மன்னிப்பதில்லை.

போன செவ்வாய், விடியுமுன் நாலு மணி.
மணி உடைந்த சைக்கிளில் எல்வுட் பரோஸ் வந்தார்.
கேட்காமலே சொன்னார்:
"இருநூற்றெழுபது."
இருபது வருஷப் பொய்யர்.
ஹைரம் லூஸ் சிரித்தே விட்டார்.
எல்லா சைக்கிளும் எதிர்த்திசையில் போயின.
நானும் போயிருப்பேன்,
சக்கரம் பஞ்சர்.
உருட்டிக்கொண்டு நடந்து, களைத்து, சாய்த்து வைத்த கம்பத்தை
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இரண்டு. ஏழு. பூஜ்யம்.

மூன்றாவது வீச்சில் பூமி மாட்டியது.
பூமி நகர்ந்தது.
நரம்பு விசிலடித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் ஓட,
முழங்கால் பாசியில் வழுக்க,
எத்தனை நேரமோ தெரியாது.
கரைக்கு வந்தபோது நாற்பத்தொரு அங்குலம்.
சட்டம் விடுவது இருபத்தெட்டிலிருந்து முப்பத்தொன்று.
அந்த அளவுக்கு வளர்ந்தவை அநேகமாய்ப் பெண்கள்தான்,
வயிற்றில் வருங்கால வசந்தங்கள் சிலவற்றோடு.

கீழுதட்டில் கட்டைவிரல் கொடுத்து
தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டினேன்.
உப்புத்தாள்போல் பொடிப் பல்.
மூச்சு திரும்பியதும்
விரலை ஒருமுறை நறுக்கென்று கவ்விவிட்டு
வால் நீரை என் முகத்தில் அடித்துவிட்டுப்
போனாள்.

ஒன்பது மணிக்கு பூர்ன் தபால் நிலையம், என் கவுண்டர்.
வரிசையில் மூன்றாவதாய் எல்வுட்.
"எப்படி?"
"ஒன்றுமில்லை. கடலே செத்துப்போச்சு" என்றேன்.
ஸ்டாம்ப் கிழித்துக் கொடுத்த
என் கட்டைவிரலைப் பார்த்தார்.
தோல் சிராய்ந்து, சிவந்து,
நேற்று ராத்திரி முழுக்கச் சுவர் தேய்த்ததுபோல்.
ஒன்றும் சொல்லவில்லை.

சில்லறை எடுக்க அவர் கை நீட்டியபோது
நானும் பார்த்தேன்.
குழந்தையின் குதிகால்போல வழவழப்பு.
இந்த வருஷம் ஒரு மீன்கூடத் தொடாத விரல்.

அப்படியென்றால் அந்த எண்?

"நாளைக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து" என்று
சொல்லிவிட்டு வெளியே போனார்.
அடுத்த ஆள் பார்சலை எடையில் வைத்தார்.
நான் எடையைப் பார்க்கவில்லை.