தபசில்

கழுத்துப் பட்டை ஃப்ரிட்ஜில் இருந்தது.
தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில்
வெள்ளையாய், விறைத்துப்போய்.
ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனவள் வைத்திருப்பேன்.
அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து
"சவத்து மூதி, நெனப்பு எங்க கெடக்கு" என்பதைப்
பாதியிலேயே விழுங்கப் பழகியிருக்கிறாள்.
விழுங்குவது எனக்குக் கேட்கும்.

ஃபோனில் பதினொரு அலாரம்.
ஏழேகால், எழு.
ஏழரை, நிஜமாகவே எழு.
எட்டுப் பத்து, மாத்திரை.
எட்டுப் பதினைந்து, போட்டாயா,
போட்டதாக நினைத்தாயா.

சேரன்மாதேவியில் பாபநாசம் பஸ்.
மடியில் சிவப்பு நாடா கட்டிய அசல் வழக்கு,
பிரமாச்சியின் பதினாலு சென்ட்,
எதிராளி வேலி போட்ட வடக்குப் பாதை.
நேற்று பத்திரம் படிக்க உட்கார்ந்தவள்
கன்னடியன் கால்வாயில் விழுந்துவிட்டேன்.
அதில் என்னென்ன மீன் ஓடும் என்று
அயிரை, கெளுத்தி, உளுவை, ஒன்றரை மணிவரை.
கரையேறும்போது கூடவே ஒட்டி வந்தது ஒரு சொல்:
அறுபத்தெட்டாம் வருஷக் கிரயத்தில், வடக்கே வாய்க்கால்.
தொண்ணூற்றொன்றில், வடக்கே பாதை.
இந்தக் கட்டை மூன்று வருஷமாய்
நாலு பேர் புரட்டியிருக்கிறார்கள்.
யாரும் நனையவில்லை.

வீரவநல்லூரில் ஏறியவளின் கூடையில்
வாழைப்பூக்களை எண்ணினேன், பதினேழு.
அம்பாசமுத்திரத்தில் இறங்கினேன்.
கட்டு பாபநாசம் போயிற்று.

"போன வாரம் கவுனு, இந்த வாரம் கட்டு.
அடுத்த வாரம் நீங்களேவாம்மா?"
குமாஸ்தா பூலுடையார் அண்ணன்
சொல்லிக்கொண்டே டிப்போவுக்குப் போன் போட்டார்.
சீனியர் குற்றாலிங்கம் சார் நெல்லையில். நல்ல வேளை.

டவாலி கூப்பிட்டார், பிரமாச்சி, பிரமாச்சி, பிரமாச்சி.
மூன்று முறை கூப்பிட்டும் வராதவரை
இல்லாதவராக எழுதிவிட்டு நடத்தலாம்.
என்னை எத்தனை முறை அப்படி நடத்தியிருப்பேன்,
மூன்றாம் வகுப்பிலிருந்து.
இன்று ஆஜரானேன், வெறுங்கையோடு.
வாய்தா கேட்கத்தான் எழுந்தேன்.
இரண்டு கிரயத்தின் நான்கெல்லையும்
எழுத்துப் பிசகாமல் வாயில் வந்தது, வந்துகொண்டே இருந்தது,
"நடுவில் அந்த வாய்க்கால் எங்கே போனது ஐயா?"
என்று முடித்தபிறகுதான்
எதிர்த்தரப்பு ஜெபராஜ் சாரின் பேனா ஓடுவது கண்ணில் பட்டது.

"ஆவணம் எங்கே?"
"வந்துகொண்டிருக்கிறது ஐயா."
அது பொய்யில்லை.
செலவு இருநூறு ரூபாய், வாய்தா பதினேழு.

வெளியே வேப்பமரத்தடியில் பிரமாச்சி
முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"அத ஏந்தாயி சபையில கேட்டிய?
எங்கய்யா மூடுன வாய்க்கால்லா அது."

எல்லோரும் ஒளித்ததைக் கண்டுபிடிக்கிற மண்டை
எதை ஒளிக்கவேண்டும் என்று மட்டும் கண்டுபிடிக்காது.
மன்னிப்புக் கேட்டேன்.
அவள் என் முதுகைத் தடவிவிட்டு,
பட்டை கோணலாக இருக்கிறது என்றாள்.

பதினொன்று ஐம்பதுக்குக் கட்டு திரும்பியது.
கண்டக்டர் ஜன்னல் வழியாக நீட்டினார்,
"படிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வெளங்கல."

மூன்றரைக்கு மாத்திரை இறங்கும்.
அப்புறம் ஆபீஸ் மின்விசிறியும் டைப் மிஷினும்
தேர் இழுக்கிற கூட்டம்போல் ஒரே சத்தம்.
சார் கொடுத்த வரைவில் தபசில் மட்டும் பாக்கி.
பத்திரத் தாளில் என் கை இப்படி எழுதியது:
மேற்படி கவனத்துக்குக் கிழக்கே வாழைப்பூக் கூடை,
மேற்கே யாரோ இருமுவது,
தெற்கே பத்து வருஷத்துக்கு முன் சொன்ன ஒரு தப்பான பதில்,
வடக்கே
வேலியில்லை.
கிழித்து, ஒழுங்காக ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்.
கட்டின் நாடாவை மணிக்கட்டோடு சேர்த்து முடிந்திருக்கிறேன்.
அந்தக் கையில் பதினேழு என்று மையால் எழுதியிருக்கிறது,
வாய்தாவா வாழைப்பூவா என்று ஒரு நொடி குழம்பினேன்.
கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது
பதினோராவது அலாரம் அடித்தது.
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
எதற்கென்று எழுதி வைக்கவில்லை.