நிலை அறிக்கை

பெட்டி எண் பதினொன்று. இரவு எட்டேகால்.
ஆறு திருகாணி, இரண்டு அடுக்கு நுரை,
நுரையில் ஒரு குழி, குழிக்குள்
தாளில் பொதிந்த களிமண் கிண்ணம்.
வெளியே கொலாபாவில் மழை அடித்து ஊற்றுகிறது.
உள்ளே ஈரப்பதம் நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.
ஐம்பத்தொன்று என்கிறது கருவி.
டின்ஷா டுபாஷ் அதை விரலால் தட்டுகிறார்,
தட்டினால் கடல் பின்வாங்கிவிடும் என்பதுபோல.

என் வேலை காயங்களை எழுதுவது.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
விரிசலுக்கு நீலம், உதிர்வுக்குச் சிவப்பு,
பழைய ஒட்டுக்குப் பச்சை.

வெளிப்புறம், முதல் பக்கம்:
ஒருவன் ஓடுகிறான். மடங்கிய முழங்கால், செருப்பில் சிறகு.
ஓடிக்கொண்டே எதையோ பைக்குள் திணிக்கிறான்,
முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.
“பெர்சியஸ்” என்கிறாள்
ஏதென்ஸிலிருந்து கிண்ணத்தோடு கூடவே வந்த ஸ்டவ்ரூலா,
மாடி வீட்டுப் பையன் பெயரைச் சொல்வதுபோல.
திணிப்பதைப் பார்த்தால் கல்லாகிவிடுவான்.
கதை பிடித்துத் திருகிய கழுத்து.
அதன் குறுக்கே விரிசல், இரண்டு செ.மீ., நீலம்.

மறுபக்கம் தேவர்கள் வரிசை.
எல்லோருக்கும் பக்கவாட்டு முகம்:
ஒரு கண், ஒரு காது, மூக்கின் கோடு.
ஹார்பர் லைனில் பெண்கள் பெட்டியில்
கைப்பிடி பற்றி நிற்கிறோமே, அப்படி.
சண்டையோ சாவோ கல்யாணமோ
அந்தக் காலத்துப் பானைகளில்
அநேகமாக யாரும் நம்மைப் பார்ப்பதில்லை.

உட்புறம்.
விளக்கை இறக்கினேன்.
அவள் நேராகப் பார்த்தாள்.

பிதுங்கிய கண். பன்றிப் பல். கன்னத்தில் தாடி.
முகவாய்வரை தள்ளிய நாக்கு.
நெற்றியோரம் சுருள் சுருளாகப் பாம்பு.

கண்டவன் கல்லாவான் என்று கதை சொல்லிவிட்டது.
பக்கவாட்டு முகம் எவனைக் கல்லாக்கும்?
சூளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த எவனோ
கற்ற விதியை மீறி
அந்த ஒரு முகத்தை நம் பக்கம் திருப்பினான்.
யாரைப் பார்த்து வரைந்திருப்பான்?
கண்ட ஒருவரும் வந்து சொன்னதில்லையே.
பல்வலிக்காரனையா, பிள்ளை பெறுகையில் அலறியவளையா,
தண்ணீர்த் தொட்டியில்
தனக்குத் தானே பழிப்புக் காட்டிக்கொண்டா?

எனக்கு இவளைத் தெரியும்.
வடாலாவில் பதினேழு மாடி எழும்பி
பூச்சில்லாமல் நிற்கும் கட்டடத்தில்
சாரத்து மூங்கிலில் தொங்குகிறாள்.
கறுப்புத் தகரம், சுண்ணாம்புப் பல்.
கண்ணுக்குக் கண்ணையே காவல் வைத்தவர்
மேஸ்திரி காத்தமுத்து.
யவனர் கேடயத்தில் வைத்தார்கள், கூரை ஓட்டில் வைத்தார்கள்,
போதாதென்று கிண்ணத்தின் அடியிலும்.
குடிக்கக் குடிக்க
முதலில் பாம்பு, அப்புறம் புருவம், அப்புறம்
விருந்தில் ஒரு நொடி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.
பிறகு சிரித்திருப்பார்கள், தேவைக்கு மேல்.

நாக்கின் நுனியில் தேய்மானம், நான்கு மி.மீ.
காரணம்: தெரியவில்லை.
வண்டல் அரித்ததா,
ஒருவன் தினமும் விரல் வைத்துப் பார்த்தானா.

“நூற்றைம்பது வருஷத்தில் இவளை அழகியாக்கிவிட்டார்கள்,
பல்லைப் பிடுங்கி, தாடியை மழித்து” என்றாள் ஸ்டவ்ரூலா.
கதை மாறியதாலா என்று கேட்டேன்.
“பயந்து அலுத்திருக்கும்.”
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

கையெழுத்து மூன்று பிரதியில்.
மூடியை இறக்கும்போது
பெட்டிக்குள் குனிந்து “கலினீக்தா” என்றாள்.
இரவு வணக்கமாம். டின்ஷாவுக்குச் சொல்லவில்லை, எனக்கும் இல்லை.

ஸ்டேஷன் வாசலில், நனைந்த குடையை மடக்கி,
ஒரு கட்டிங்.
கடைசி வாயை எப்போதும் சாக்கடையில் வீசிவிடுவேன்.
இன்று முழுக்கக் குடித்துவிட்டுக்
குனிந்து பார்த்தேன்.

தூள்.
ஒன்பது ஐம்பத்திரண்டு போய்விட்டிருந்தது.