உப்புக் கணக்கு

பத்து வருசத்துக்கு முந்தி ஒரு டாக்டர்
தாளில் மூளையைக் கீறி
"இங்கே ஒன்று குறைவு" என்றார்.
நான் சமையற்காரன். உடனே விளங்கியது:
குழம்பில் உப்புக் காணாது.
போட்டால் சரி.

போட்டேன். காலையில் ஒன்று, இரவில் அரை.
சில மாதம் ருசி திரும்பியது.
சில மாதம், நாக்கில் மரத்தூள்.
ஓல்டன் முதியோர் இல்லத்தில்
நூற்றிருபது பேருக்கு ரோஸ்டி பொரித்துவிட்டுக்
குளிரறைக்குள் போய் நிற்பேன்.
அழுவதற்கல்ல.
"எப்படி, செந்தூரன்?" என்று
அங்கே எவரும் கேட்பதில்லை.

நவம்பரில் ஆரே ஆற்றிலிருந்து எழும் பனிப்புகார்
மூன்று கிழமை அசையாது.
மேலே மலையில் நல்ல வெயிலாம்,
ரயிலில் கதைத்தார்கள்.

புது டாக்டர், எபிஷர் அம்மா,
மனசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாய் அழுத்தினார்.
காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு?
கத்தி பிடிக்க ஒரு மணித்தியாலம்.
முரசில் ரத்தம் வருமா? வரும்.
அம்மாவின் ஆட்களில் யாராவது
பேசாமல் சுவரைப் பார்த்து இருந்தார்களா?
சின்ன மாமா. அவருக்கும் கை வீங்கும்.
அதை ஏன் இவ்வளவு காலம்
நான் சேர்த்துப் பார்க்கவில்லை?

ஆறு குழாய் ரத்தம் போனது.

"உடம்பில் எங்கோ ஒரு தணல்," என்றார்,
"பல வருசமாய். அதன் புகை
தலைக்கும் ஏறியிருக்கலாம்."
இருக்கலாம் என்பதை இரண்டு தரம் சொன்னார்.
அந்தச் சொல்லுக்காகவே அவரை நம்பினேன்.

எங்கள் சமையலறையில் எண்ணெய் கருகினால்
மூன்றாம் மாடியில்,
வீஸ் கிழவியின் அறையில்தான் மணி அடிக்கும்.
ஆட்கள் ஏணியோடு அங்கே ஓடுவார்கள்.

வீட்டில் சொன்னேன்.
சுகிர்தா அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்:
"அப்ப இவ்வளவு நாளும்
உங்கட மனசில பிழை இல்லையா?"
தெரியாது என்றேன். மனசு எங்கே முடிந்து
முழங்கை எங்கே தொடங்குகிறது என்று
எபிஷர் அம்மாவுக்கும் தெரியாதாம்.

பழைய மாத்திரையை நிறுத்தவில்லை.
பக்கத்தில் புதிதாய் ஒன்று, கிழமைக்கு ஒரு தரம்.
பத்து மணி இடைவேளையில்
வெளிச்சம் இருக்கிற பக்கம் பார்த்து நிற்கச் சொன்னார்.
வெளிச்சமே இல்லை. ஆனாலும் நிற்கிறேன்,
ஏப்ரனோடு, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்,
வெள்ளையைப் பார்த்தபடி.

இன்று வெங்காயம் வெட்ட
நாற்பது நிமிசத்தில் விரல் மடங்கியது.
சூப்பை ருசி பார்த்தேன்.
உப்புக் கொஞ்சம் கூட.