எழுதாதேங்கோ

மாங்குளம் ட்ரான்ஸ்போமரில் ஒரு மயில் வந்து குந்தி
அரைவாசி ஊருக்குக் கரண்ட் நின்ற செவ்வாய்க்கிழமை
என் கொம்பியூட்டரும் நின்றது.
மயிலை மின்சாரசபைக்காரர் தடியால் தள்ளி விழுத்தினார்கள்.
நாலரைக்குக் கரண்ட் வந்தது.
கொம்பியூட்டரும் வந்தது,
துடைத்துவிட்ட சிலேட்டுப் போல,
என்னை முன்பின் தெரியாதது போல.

‘வீடு’ என்று நான் பேர் வைத்த போல்டர் இல்லை.
பதினொரு வருசம் அதற்குள் இருந்தது.
கிணறு கட்டின கணக்கு,
அபிசாவின் படங்கள்,
மிருக வைத்தியக் கந்தோரில் இருந்து
இடமாற்றம் கேட்டு எழுதி
ஒருக்காலும் அனுப்பாத விண்ணப்பம்.

அன்றிரவு நித்திரை இல்லை.
மறக்க முதல் எழுதிவைப்போம் என்று
போனவற்றுக்கு ஒரு பட்டியல் அடித்தேன்.
நூற்றிப் பன்னிரண்டு வரி.
‘இல்லாதவை’ என்று பேர் போட்டு
அதே கொம்பியூட்டரில் சேமித்தேன்.

பெட்டியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
கிளிநொச்சி பஸ் ஏறினேன்.
கொண்டக்டர் அதுக்கும் அரை டிக்கெட் கேட்டான்.
கொடுத்தேன்.

கரடிப்போக்கில் கடை. பெடியன் பேர் யதுசன்.
பில் புத்தகத்தில்
‘பைல்கள் காணாமல்’ என்று தொடங்கியவன்
பேனையை நிறுத்தினான்.
அந்தச் சொல்லோடு பந்தல் போட்டு
வருசக்கணக்காய் ஆட்கள் இருந்த றோட்டு இது.
வெட்டிவிட்டு
‘டேட்டா எடுக்க’ என்று எழுதினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அழிஞ்சா உடன ஒண்டும் அழியாதக்கா.
பேர்தான் போகும்.
மற்றதெல்லாம் வைச்ச இடத்திலயே கிடக்கும்,
மேல வேற ஏதும் எழுதுப்படுமட்டும்.
போனாப்பிறகு ஒண்டும் எழுதேல்லைத்தானே?”

டாக்குத்தர்மார் கேட்பது போல,
வேறு மருந்து ஏதும் குடிச்சனீங்களோ என்று.

“ஒரு லிஸ்ட்” என்றேன்.
அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

ஆறு மணித்தியாலம்.
நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு மூன்று,
நூற்றுக்கு நாலு.
நடுவில் போய் ரீ குடித்தேன்.
கோழிக்குத் தடுப்பூசி மருந்து விலை கேட்டேன்.
வாங்கவில்லை.

வந்தன.
ஆறாயிரத்து முந்நூற்றி நாலு.
ஒன்றுக்கும் பேரில்லை, இலக்கம் மட்டும்.
வங்கிச் சின்னங்கள், எப்போதோ பார்த்த சேலை விளம்பரம்,
அந்த விண்ணப்பம் ஐந்து தரம்,
ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூடுதலாய்ப் பணிந்து.
வேண்டுமென்றே நான் அழித்த ஒருவரின் கடிதம்கூட
வந்து வரிசையில் நின்றது.

அபிசாவின் படம் ஒன்று.
தலைமயிர், நெற்றிப் பொட்டு, சிரிக்கத் தொடங்கும் கண்.
மூக்குக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

என் பட்டியலில் பதினேழாவது வரி:
‘அபிசா, முதல் பல்லு விழுந்த நாள்.’
அந்த வரி எங்கே போய்க் குந்தியது என்று
இப்போது தெரிகிறது.

போனில் அவளுக்குச் சொன்னேன்.
பதினாலு வயது.
“நல்லதாப் போச்சம்மா,
அதில நான் வடிவில்லை” என்றாள்.

கடைசியில் யதுசன் ஒன்றைத் திறந்து
திரையை என் பக்கம் திருப்பினான்.
பச்சைச் சுவர். மெழுகுதிரி ஒன்று குத்திய கேக்.
ஒரு குழந்தை.
அதைத் தூக்கிப் பிடித்த கை மட்டும், வளையலோடு.

“ஆரக்கா?”
தெரியாது.
பெட்டி வவுனியாவில் பழசாய் வாங்கினது.
விற்றவனும் ஆரிடமோ வாங்கினதாகத்தான் சொன்னான்.

“அப்ப விடட்டா?”

“விடாதை.”

“என்ன பேர் போட?”
விரல் விசையில் காத்து நின்றது.

“ஒண்டும் எழுதாதை” என்றேன்.
“இலக்கமாவே கிடக்கட்டும்.”

நாலாயிரத்து ஐந்நூறு எடுத்தான்.
பெட்டிக்கு இன்னும் வேலை இருக்காம், கடையிலேயே விட்டேன்.
திரும்பி வரும் பஸ்ஸில்
எனக்கு மட்டும்தான் டிக்கெட்.
பென் டிரைவ் கைப்பைக்குள்,
மிச்சச் சில்லறையோடு.