ரிட்டன் பாதி

சம்பளம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.
கழுத்தில் ஓர் அட்டை, நாலு மணிக்கு டீ.
"ம. சந்தியாகு, தன்னார்வ வழிகாட்டி."
சனி, ஞாயிறு மட்டும்.

தேவகோட்டையில் கடல் இல்லை.
கடல்வழிக் காட்சியகம் இருக்கிறது,
பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில், ஆறு அறை.

நான் முப்பத்தோரு வருடம்
தேவகோட்டை – தொண்டி கண்டக்டர்.
தினம் நாலு தடவை கடலுக்குப் போனேன்.
கால் நனைத்ததில்லை.
ஏழு நிமிடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும்,
டைம் கீப்பர் ஒரு மாதிரியான ஆள்.
கடல் என்பது எனக்குக் கடைசி ஸ்டேஜ்.

இங்கும் ஏறக்குறைய அதே வேலை.
போகிற திசைக்கு முதுகு காட்டி நிற்பது,
தலைகளை எண்ணுவது,
"உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க."
முதல் வாரம் பழக்கதோஷத்தில்
திசைகாட்டிக்கு முன்னால் நின்று விசில் அடித்துவிட்டேன்.
காப்பாளர் அழகம்மை சிரிக்கவில்லை.

பன்னிரண்டு பக்கக் குறிப்பு கொடுத்தார். மனப்பாடம் செய்தேன்.
எந்த மாதம் காற்று எந்தப் பக்கம்,
நங்கூரம் என்ன எடை,
தேக்கை எப்படி ஏற்றினார்கள், எப்படி இறக்கினார்கள்.
யாராவது சந்தேகம் கேட்டால்
"அடுத்த ரூம்ல வரும்" என்பேன்.
பெரும்பாலும் வராது.

ஆறாவது அறையில், கண்ணாடிக்குள், ஒரு சீட்டு.
குறிப்பில் ஒரே வரி:
கப்பல் பயணச்சீட்டு, ரங்கூன், 1941, பயன்படுத்தியது.
யாரும் நிற்காத இடம்.
அதைத் தாண்டினால் கழிவறை.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை, ஒருவரும் வரவில்லை.
கண்ணாடியில் மூச்சுப் படும்படி குனிந்து
சீட்டைச் சீட்டாகப் பார்த்தேன்.

டெக். ஒரு ஆள். சாப்பாடு சேராது.
பெயருக்கு விட்ட இடத்தில் பெயர் இல்லை.
போகிற பாதியில் ஓட்டை.
வருகிற பாதியில்
ஓட்டை இல்லை.

எட்டாக மடித்த தடம்.
அப்படி மடிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.
மற்றவர்கள் விரலில் சுருட்டித் தொலைத்துவிடுவார்கள்.
கூலிக்குப் போகிறவர்கள்
இறங்கி ஊர் போய்ச் சேர்ந்த பிறகும்
இடுப்பில் வைத்திருப்பார்கள்,
நாளைக்கு எவனாவது கேட்டால்?
மடிப்பெல்லாம் வியர்வைப் பழுப்பு.
ஒருநாள் வியர்வை இல்லை அது.

யார் கொடுத்தது என்று கேட்டேன்.
அழகம்மை பதிவேட்டைப் புரட்டினார்.
"மூட்டையோடு வந்தது" என்று மட்டும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள், நாற்பத்தொன்று.
குறிப்பில் இல்லாததைச் சொன்னேன்.
இந்த ஆள் போனார். அந்த வருடக் கடைசியில் ரங்கூனில் குண்டு விழுந்தது.
கப்பலில் இடமில்லை, டெக்கில்கூட.
ஆயிரம் ஆயிரமாய்க் காட்டு வழியே நடந்தார்கள், மலை ஏறினார்கள், பாதியில் உட்கார்ந்தார்கள்.
இவர் நடந்தாரா, தெரியாது.
சீட்டு வந்து சேர்ந்திருக்கிறது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒருத்தி கேட்டாள்:
"அப்ப இது கடல்ல வரவே இல்லியே சார்,
இங்க எதுக்கு வச்சிருக்கீங்க?"

அடுத்த ரூம்ல வரும் என்று நாக்கு வரை வந்தது.
அடுத்த ரூம் கழிவறை.

"ரிட்டனுக்கும் சேத்துக் காசு கட்டியிருக்காரும்மா," என்றேன்.
"கடல்தான் பாக்கி."

அவளுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.
எண்ணி வெளியே விட்டேன். நாற்பத்தொன்று.

சாயங்காலம் அழகம்மை அட்டையை எடுத்து
"பயன்படுத்தியது" என்பதற்கு முன்னால்
பென்சிலால் "பாதி" என்று எழுதினார்.
டீ ஆறிப்போயிருந்தது.

ஒன்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.
சில்லறை இல்லாத நாளில்
தர வேண்டிய பாக்கியைச் சீட்டின் பின்னால்தான் எழுதிக் கொடுப்போம்.
என்றைக்காவது கண்ணாடியைத் திறந்தால்
அதை ஒருமுறை
திருப்பிப் பார்க்க வேண்டும்.