முதலாம் மட்டத்தில் ஒரு குழு

நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து
எல்லா எழுத்தும் சாய்ந்து கிடக்கிறது.
கொழும்பின் வடிகால்கள் பற்றிய அறிக்கை,
மும்மொழியில், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
வெள்ளிக்குள் அச்சுக்குப் போகவேண்டும்.
கிருலப்பனை என்ற ஒரேயொரு சொல்லைத்தான்
சாய்க்கச் சொன்னேன்.
யன்னலுக்கு வெளியே பொரளைச் சந்தியில்
மழையும் அதே பாகையில்.

"அடைப்ப மூட மறந்திட்டீங்க, மிஸ் கேதா,"
கதிரையை உருட்டிக்கொண்டு வந்தான் இன்ஷாப்.

மறக்கக்கூடியது அல்ல அது.
நெளி அடைப்பு ஒன்றைத் திற.
உள்ளே எழுத்தைப் பெருப்பி, நிறத்தை மாற்று,
வரிகளை நெருக்கு, ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
மூடினால் போதும்.
பழையதை மறுபடி எழுதத் தேவையில்லை,
வாசலில் கழற்றிவிட்ட செருப்புப்போல
அங்கேயே கிடக்கும்.

இன்னொரு வகை,
சொல்லால் திறந்து சொல்லால் மூடுவது.
நெளியால் திறந்ததை அது மூடாது,
அதனால் திறந்ததை நெளி மூடாது.
எங்கள் தொடர்மாடிக் காவலாளியும் இப்படித்தான்:
உள்ளே விட்டவர் வந்துதான் வெளியே விடவேணும்.

என் முழுப்பெயர் கேதாரகௌரி.
நூற்று ஐம்பத்துநாலாம் பஸ்ஸின் மிதிபலகையில்
அது கேதாவாகும்.
கந்தோரில் சிங்களத்தில் சிரிப்பேன்,
சிங்களத்தில் கோபத்தை விழுங்குவேன்.
பின்னேரம் வெள்ளவத்தையில் இறங்க
யாரும் கட்டளையிடாமலே
மீதி மூன்று எழுத்தும் திரும்பி வரும்.

ஆனால் குளோபல் என்று ஒரு கட்டளை.
அதைச் சொல்லிச் செய்த மாற்றம்
ஏழு அடைப்புக்குள் இருந்தாலும்
சுவரெல்லாம் ஊடறுத்து
வெளியே வந்து நிற்கும்.
நேற்றுக் குசினியில் சோற்றுப்பானை சரிய
என் வாயில் வந்தது
ஐயோ அல்ல, அனே.
யார் அதைக் குளோபல் ஆக்கியது, எந்த வருஷம்?

வீட்டு ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு.
தற்காலிகம்தானே என்று முதல்முறை கையொப்பமிட்டபோது
பெட்டியின் பூட்டைக்கூடக் கழற்றவில்லை.
போன கிழமை இருபதாவதில் ஒப்பமிட்டேன்.
பூட்டு எங்கே போனதென்று தெரியாது.

இரவு எட்டரைக்கு அகப்பட்டது:
கிருலப்பனைக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி,
அதற்கு முன்னால் இருக்கவேண்டியது இல்லை.
இட்டோம். எழுத்துகள் நிமிர்ந்தன.
மழை நிமிரவில்லை.

முதல் ஓட்டத்தின் பதிவேட்டில்
கடைசியாய் ஒரு வரி இருந்தது:
ஆவணம் முடிந்தது,
முதலாம் மட்டத்தில் ஒரு குழு திறந்தபடி.
பிழை என்று அதைச் சொல்லவில்லை.
இயந்திரம் நிற்கவுமில்லை.
பக்கங்கள் வெளியே வந்திருந்தன,
சரிவாய், ஆனாலும் வாசிக்கலாம்.

அந்தப் பிரதியை அழிக்க மனம் வரவில்லை.

சந்தியில் கடைசிக்கு முதல் பஸ்.
குடையின் கம்பி ஒன்று வளைந்து
மூடமாட்டேன் என்றது.
கொண்டக்டர் ஏதோ ஏசினான்.
விரித்த குடையோடேயே
ஏறினேன்.