ஐந்து ரூபாய் முப்பது காசு

களியக்காவிளை தாண்டியதும்
கடைப்பலகைகளில் எழுத்து உருண்டுகொள்ளும்.
எல்லை அவ்வளவுதான்.
மற்றபடி அதே ரப்பர், அதே மரச்சீனி.
லாரிகள் விடியவிடிய முத்திரைக்கு நின்ற
பழைய வரிச்சாவடி முக்கில்
இப்போது அன்னாசிப்பழம் விற்கிறார்கள்.

நான் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
வரிக்கணக்கு எழுதுகிறவன்.
மேலே டாரஸ் போகும்போது
பேனா நடுங்கி ஒன்று ஏழாகிவிடும்.

"அந்தப் பக்கம் வருமான வரி கொறவாமே?"
ரப்பர் ஷீட் யாவாரி றசலையன்
வருஷம் தவறாமல் கேட்பார்.
அண்ணே, அது டெல்லிக்குப் போறது.
பாறசாலையானாலும் படந்தாலுமூடானாலும்
அதே அடுக்கு, அதே விழுக்காடு.
சோப்புக்கும் இங்கே என்னவோ அங்கேயும் அதுதான்.
நம்பமாட்டார்.
ஆற்றுக்கு அக்கரையில் ஏதோ ஒன்று
அவருக்கு மலிவாக இருந்தே தீரவேண்டும்.

மாறுவது கொஞ்சம்.
பெட்ரோல், பிராந்தி, வண்டிப் பதிவு, பத்திரச் செலவு.
அந்தக் கொஞ்சத்தில் இருந்தன
என் அக்காள் எப்சிபாவின் சனிக்கிழமைகள்.

பாறசாலையில் கட்டிக்கொடுத்தோம்.
அத்தான் ஷிபுலால் சிட்டுப் பணம் பிரிக்கிறவர்,
நாளெல்லாம் பைக்கில்தான் குடித்தனம்.
சனிக்கிழமை அக்காளைப் பின்னால் ஏற்றி வருவார்.
களியக்காவிளை பங்கில் ஆறு லிட்டர்,
பிறகு விரிகோட்டில் எங்கள் வீடு, சாயா,
நெத்திலி அவியல்.
"அளியா, லிட்டருக்கு அஞ்சு ரூபா முப்பது பைசா!"
கை கழுவும்போதே சொல்வார்.
மருமகனுக்கு நம்ம மேல எவ்வளவு பிரியம் பாரு,
என்பாள் அம்மா.
பிரியம் லிட்டரில் இருக்கிறது என்று
நான் வாய்க்குள் சிரிப்பேன்.

பங்குனியில் அவர் மின்சார ஸ்கூட்டர் வாங்கினார்.
ஒரு சனிக்கிழமை வரவில்லை.
அடுத்ததும் வரவில்லை.
"பெட்ரோல் போச்சு, மருமகனும் போச்சு" என்றேன்.
அன்று ராத்திரி அம்மா எனக்கு
மீனின் வால்துண்டை வைத்தாள்.

தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன்,
நாலு வருஷமாய்ப் போட்டிருக்க வேண்டிய கணக்கு.
ஆறு லிட்டருக்கு மிச்சம்
முப்பத்தொரு ரூபாய் எண்பது காசு.
பங்கிலிருந்து வீட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர்,
திரும்ப ஒன்பது:
எரிந்தது நாற்பது ரூபாய்க்கு மேல்.
பங்கோடு திரும்பியிருந்தால் லாபம்.
வீடு வரை வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும்
அவர் நஷ்டத்தில் வந்திருக்கிறார்.
அடுத்தவன் கணக்கில் காலணா பிசகினாலும்
கண்டுபிடிக்கிற எனக்கு
இது அகப்படவில்லை.

மூன்றாம் சனி, உச்சிவெயிலில்
அக்காள் தனியாக வந்து இறங்கினாள்.
எல்லைவரை கேரள வண்டி, பதின்மூன்று ரூபாய்.
பாதிப் பாலம் நடை.
அப்புறம் நம்ம டவுன் பஸ்.
வியர்வையில் நனைந்த சீட்டை என் மேசையில் வைத்தாள்.
மகளிர் பயணம். கட்டணம் சுழியம்.
"இத எந்தப் பத்தியில எழுதுவ, சொல்லு?"

பாலம் அங்கே ஏது, அக்கா, அது வெறும் ரோடு
என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
அத்தான் இத்தனை வருஷம் இங்கே ஊற்றியதில்
லிட்டர்தோறும் நம்ம கஜானாவுக்கு வரி விட்டிருக்கிறார்.
மலிவு என்று நினைத்துக் கட்டிய வரி.
அதில் ஒரு துளியாவது இந்தச் சீட்டில் இருக்காதா?
வரவா, செலவா,
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் அவரு வாறாரு" என்றாள்.
"சார்ஜு வழியில தீந்துருமோன்னு
இத்தன நாளு பேடி.
இங்க வந்து குத்திப் போட்டா
திரும்பிப் போறதுக்குத் தெகையுமாம்.
ஒங்களுக்கு நூறு யூனிட்டு சும்மாதானே,
நேத்தே விசாரிச்சு வெச்சுட்டாரு."

அம்மா அதற்குள்
போர்ச்சிலிருந்த பிளக்கில்
மாவாட்டும் மிஷினைப் பிடுங்கிவிட்டிருந்தாள்,
பாதி அரைத்த உளுந்தோடு.